டிரோனுக்கு ஒரு விலை, ஃபைல் நகர்த்த ஒரு விலை: அமெரிக்க ஆயுத விற்பனையில் 3.2% கட்டணம் யாருக்குப் போகிறது?

அமெரிக்க அரசிடம் ஒரு நாடு ஆயுதம் வாங்கினால், ஆயுதத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதாது. வாஷிங்டனில் உட்கார்ந்து அந்த ஃபைலை எழுதுபவர், ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் வழக்கறிஞர், பில் போடும் கணக்காளர் என எல்லோருடைய சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். 2018 ஜூன் மாதம் இதற்கான ரேட் 3.2 சதவீதம் என்று நிர்ணயிக்கப்பட்டது.

நூறு ரூபாய்க்கு மூணு ரூபாய் இருபது காசு. ஹோட்டல் பில்லில் போடும் சர்வீஸ் சார்ஜை விடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் இங்கே பில் தொகை ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்.

இந்தியா 31 எம்.க்யூ-9பி ரக டிரோன்களை வாங்க 2024 அக்டோபரில் கையெழுத்திட்டது நினைவிருக்கும். அந்த விற்பனைக்கு அதிகபட்சமாக 399 கோடி டாலர் ஆகலாம் என்று அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசு தன் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்திருந்தது. அந்தத் தொகைக்கு 3.2 சதவீதம் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 12.8 கோடி டாலர். அப்போதைய மதிப்பில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இது தோராயக் கணக்குதான். அறிவிப்பில் வருவது உச்சபட்சத் தொகை, சரக்குக் கட்டணம் போன்ற சில இனங்களுக்கு இந்த சதவீதம் பொருந்தாது. உண்மையில் கட்டுவது இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் எந்த அளவிலான பணம் என்பது புரிந்துவிடும்.

அரசே ஏன் நடுவில் வருகிறது?

அமெரிக்க ஆயுதங்களை வெளிநாடுகள் வாங்க முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, போயிங், லாக்ஹீட் மார்ட்டின் மாதிரியான நிறுவனத்தோடு நேரடியாகப் பேசி வாங்குவது. இதற்கு அமெரிக்க அரசின் ஏற்றுமதி அனுமதி இருந்தால் போதும். இன்னொன்று, 'எங்களுக்காக நீங்களே வாங்கித் தாருங்கள்' என்று அமெரிக்க அரசிடமே கேட்பது. இந்த இரண்டாவது வழிக்குப் பெயர் வெளிநாட்டு ராணுவ விற்பனைத் திட்டம். ஆங்கிலச் சுருக்கம் எஃப்.எம்.எஸ்.

இதில் வாங்கும் நாடு முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பும். பென்டகனின் கீழ் இயங்கும் பாதுகாப்பு ஒத்துழைப்பு முகமையும் அந்தந்த ராணுவப் பிரிவும் சேர்ந்து விலை, அளவு, பயிற்சி, உதிரி பாகம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஒரு ஏற்புக் கடிதம் தயாரிக்கும். அதில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டினால் ஒப்பந்தம் முடிந்தது. அதன்பிறகு நிறுவனத்தோடு பேரம் பேசுவது, ஒப்பந்தம் போடுவது, தரம் பார்ப்பது, பணம் பட்டுவாடா செய்வது எல்லாமே அமெரிக்க அரசின் வேலை. வாங்கிய நாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பில் வரும். கட்டிய பணம் அமெரிக்கக் கருவூலத்தில் ஒரு அறக்கட்டளை நிதியில் கிடக்கும். நிறுவனத்துக்கு அங்கிருந்துதான் காசு போகும்.

இத்தனை வேலைக்கும் ஆள் வேண்டும், அலுவலகம் வேண்டும். அந்தச் செலவை அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் செய்யக் கூடாது, வாங்குபவரிடமே வசூலிக்க வேண்டும் என்கிறது 1976-ம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 'லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம்' என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. நிர்வாகக் கட்டணம் பிறந்தது இப்படித்தான்.

எல்லாருக்கும் ஒரே ரேட், யாருக்கு லாபம்?

சட்டத்தில் ஒரு சின்ன வாசகம் உண்டு. நிர்வாகச் செலவை 'சராசரி சதவீத' அடிப்படையில் வசூலிக்க வேண்டும் என்கிறது அது. அதாவது இந்த நாட்டின் ஃபைலுக்கு இத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம், இவ்வளவு ஆச்சு என்று தனித்தனியாகக் கணக்குப் போடுவதில்லை. உலகம் முழுக்க நடக்கும் விற்பனைக்கு மொத்தமாக ஆகும் நிர்வாகச் செலவைக் கணித்து, எல்லார் தலையிலும் ஒரே சதவீதத்தை வைத்துவிடுகிறார்கள்.

இதன் விளைவு என்ன? 2025 நவம்பரில் இந்தியாவுக்கு ஜாவலின் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளை விற்க அமெரிக்கா ஒப்புதல் தெரிவித்தது. மதிப்பு 4.57 கோடி டாலர். இதற்கு 3.2 சதவீதம் என்றால் சுமார் 14.6 லட்சம் டாலர். டிரோன் விற்பனையின் மதிப்பு இதைப் போல கிட்டத்தட்ட 87 மடங்கு. அதனால் கட்டணமும் 87 மடங்கு. ஆனால் டிரோனுக்கான ஃபைல் வேலை ஜாவலினை விட 87 மடங்கு இருக்குமா? டிரோன் திட்டம் சிக்கலானது, பல ஆண்டுகள் நீளக்கூடியது, வேலை அதிகம்தான். ஆனாலும் 87 மடங்கு என்பது நம்பும்படி இல்லை. பத்துக் கோடி ரூபாய் வீட்டுக்கும் பத்து லட்சம் ரூபாய் மனைக்கும் புரோக்கர் ஒரே சதவீதம் கமிஷன் கேட்பது மாதிரிதான் இதுவும்.

மறுபக்கமும் இருக்கிறது. நாலைந்து உதிரி பாகங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் குட்டி நாட்டின் ஃபைலுக்கும் அதே கையெழுத்துகள், அதே சரிபார்ப்புகள் தேவை. அந்த நாடு கட்டும் சில நூறு டாலர் கட்டணத்தில் ஒரு ஊழியரின் ஒரு நாள் சம்பளம்கூடத் தேறாது. இந்தத் துண்டை அடைக்க 2006-ல் குறைந்தபட்சக் கட்டணம் 15,000 டாலர் என்று விதி கொண்டுவந்தார்கள். 2012-ல் அதைக் கைவிட்டார்கள். ஆக, போர் விமானம் வாங்கும் நாடு, உதிரி பாகம் வாங்கும் நாட்டின் செலவையும் சேர்த்துச் சுமக்கிறது. சவுதி அரேபியா, ஜப்பான், தைவான், இந்தியா போன்ற பெரிய வாடிக்கையாளர்கள்தான் இந்த அமைப்பைத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

குறையும்போது தவிப்பு, நிறையும்போது?

இந்த ரேட் எப்போதும் 3.2 ஆக இருந்ததில்லை. 1999-ல் 2.5 சதவீதமாகக் குறைத்தார்கள். சில ஆண்டுகளில் வசூல் செலவுக்குப் போதாமல் கணக்கு தள்ளாட ஆரம்பித்தது. 2006 ஆகஸ்டில் ஒரே தாவலாக 3.8 சதவீதம். 2012 நவம்பரில் 3.5. பிறகு 2018-ல் 3.2.

2006-ல் ரேட்டை ஏற்றிய பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். ரேட்டும் கூடியது, விற்பனையும் எகிறியது. பணம் கொட்ட ஆரம்பித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2007 நிதியாண்டு முடிவில் நிர்வாகக் கணக்கில் இருந்த மிச்சம் 39.1 கோடி டாலர். 2017 முடிவில் அது 410 கோடி டாலர். பத்தே ஆண்டில் பத்து மடங்குக்கும் மேல்.

'லாபம் வேண்டாம்' என்று சட்டம் சொல்லும் ஒரு திட்டத்தில் 410 கோடி டாலர் எப்படிச் சேர்ந்தது?

பென்டகன் தரப்பு வாதம் இதுதான். ஒரு விமான ஒப்பந்தம் முடிய பத்து, பதினைந்து ஆண்டு ஆகும். கட்டணத்தில் ஒரு பகுதி ஒப்பந்தம் தொடங்கும்போதே வந்துவிடும், வேலையோ கடைசி வரை இழுக்கும். நாளைக்கே விற்பனை படுத்துவிட்டாலும் பழைய ஒப்பந்தங்களைப் பார்க்க ஆள் வேண்டுமே, அதற்குக் கையிருப்பு தேவை. நியாயமான வாதம்தான். தணிக்கையாளர்களும் கையிருப்பே கூடாது என்று சொல்லவில்லை. 'குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கீழ்வரம்பு வைத்திருக்கிறீர்கள், அதிகபட்சம் இவ்வளவு என்று மேல்வரம்பு எங்கே?' என்பதுதான் அவர்களுடைய கேள்வியின் சாரம். மேல்வரம்பு இல்லாத வரை, பணம் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று சொல்ல அளவுகோலே கிடையாது.

அடுத்து, ஒப்பந்த மேற்பார்வைக் கட்டணம் என்று இன்னொன்று இருக்கிறது. தொழிற்சாலையில் தரம் பார்ப்பது, நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்வது போன்ற வேலைகளுக்கானது. நிர்வாகக் கட்டணத்துக்கு மேல் தனியாக வரும். அந்தக் கணக்கும் 2007-ல் 6.9 கோடி டாலரில் இருந்து 2015-ல் 98.1 கோடி டாலராக வீங்கியிருந்தது. இதில் நேட்டோ நாடுகள் பலவற்றுக்குச் சலுகை உண்டு. 'எங்கள் ஆட்கள் உங்களுக்குத் தரம் பார்த்துத் தருகிறார்கள், உங்கள் ஆட்கள் எங்களுக்குப் பாருங்கள்' என்ற பரஸ்பர ஒப்பந்தம் போட்ட நாடுகளுக்குக் கட்டணத்தின் சில பகுதிகள் தள்ளுபடி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு நாடு குறிப்பிட்ட ஆயுதத்துக்காகக் கட்டிய பணத்தில் மிச்சம் இருந்தால், ஒப்பந்தக் கணக்கை மூடும்போது அது அந்த நாட்டுக்கே திரும்பும். நிர்வாகக் கட்டணம் அப்படியில்லை. அது எல்லா நாட்டுப் பணமும் கலந்த பொதுப் பானை. போனது போனதுதான். 3.8 சதவீதம் அமலில் இருந்த காலத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு, பின்னால் ரேட் குறைந்ததில் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை. இந்தியா 10 சி-17 சரக்கு விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது 2011-ல். அப்போது ரேட் 3.8.

2018-க்குப் பிறகு விற்பனை இன்னும் உயரத்துக்குப் போய்விட்டது. உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா முழுக்க ஆயுதம் வாங்கிக் குவிக்கிறது. எஃப்.எம்.எஸ். வழியான விற்பனை 2023 நிதியாண்டில் 8,090 கோடி டாலர். 2024-ல் 11,790 கோடி டாலர். ஒரே ஆண்டில் சுமார் 46 சதவீத உயர்வு. விற்பனை கூடும்போது அதே விகிதத்தில் அலுவலக வேலை கூடுவதில்லை. ஆனால் சதவீதக் கட்டணம் அதே விகிதத்தில் கூடும்.

அமெரிக்க வரி செலுத்துபவருக்கு உண்மையிலேயே செலவில்லையா?

ஆயுத விற்பனை அறிவிப்பு வரும்போதெல்லாம் 'இதனால் அமெரிக்க மக்களுக்கு ஒரு பைசா செலவில்லை' என்ற பேச்சும் கூடவே வரும். சட்டத்தைப் படித்தால் அது முழு உண்மை இல்லை என்பது தெரிகிறது.

நிர்வாகக் கட்டணத்தில் எதையெல்லாம் சேர்க்கலாம் என்று சொல்லும் அதே சட்டம், சிலவற்றைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த வேலை பார்க்கும் சீருடை ராணுவ அதிகாரிகளின் சம்பளம் இதில் சேராது. சிவிலியன் ஊழியர்களின் ஓய்வூதியத்தில் நிதி ஒதுக்கப்படாத பகுதி சேராது. ராணுவ தளங்களின் நிலையான பராமரிப்புச் செலவிலும் பங்கு கேட்கக் கூடாது. ஒரு கர்னலும் ஒரு சிவிலியன் அதிகாரியும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் ஒரே ஃபைலைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிவிலியனின் சம்பளத்தை வாங்கும் நாடு கொடுக்கும், கர்னலின் சம்பளத்தை அமெரிக்க வரி செலுத்துபவர் கொடுப்பார். விருந்தினர் உபசரிப்புச் செலவு மட்டும் கட்டணத்தில் சேரும், அதற்கு ஒரு சிறு உச்சவரம்பு உண்டு. கர்னலின் சம்பளம் வராது, காபிச் செலவு வரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. ஒரு போர் விமானத்தை உருவாக்க அமெரிக்க மக்களின் பணம் ஆராய்ச்சிக்காகக் கோடிக்கணக்கில் கொட்டப்பட்டிருக்கும். பெரிய ஆயுதங்களை விற்கும்போது அதில் ஒரு பங்கையும் வாங்குபவரிடம் வசூலிக்கணும் என்கிறது சட்டம். ஆனால் கூட்டணி நாடுகளோடு ஆயுதங்கள் ஒரே மாதிரி இருப்பது நல்லது என்றோ, இந்தத் தொகையைக் கேட்டால் வியாபாரமே கைநழுவிவிடும் என்றோ காரணம் காட்டி அதைத் தள்ளுபடி செய்யலாம். 2012 முதல் 2017 வரை இப்படித் தள்ளுபடி செய்த தொகை ஏறக்குறைய 1,600 கோடி டாலர் என்கிறது ஜி.ஏ.ஓ. அமெரிக்க மானியத்தில் மட்டுமே வாங்கப்படும் ஆயுதங்களுக்கு இந்த வசூல் விதி பொருந்தவே பொருந்தாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண் தெரியும். ஃபைல் நகர்த்தும் செலவில் 410 கோடி டாலர் உபரி. ஆராய்ச்சிச் செலவில் 1,600 கோடி டாலர் விட்டுக்கொடுப்பு. குமாஸ்தா கணக்கில் இவ்வளவு கறாராக இருப்பவர்கள் பெரிய கணக்கில் தாராளமாக இருக்கிறார்கள். காரணம் புரியாததல்ல. தள்ளுபடியால் விற்பனை நடக்கிறது, தொழிற்சாலை ஓடுகிறது, அந்தந்த மாகாணத்தில் வேலை கிடைக்கிறது. அதனால் உள்ளூரில் கேள்வி குறைவு. நிர்வாகக் கட்டணத்தைக் கட்டுவதோ அமெரிக்காவில் ஓட்டு இல்லாத வெளிநாட்டு மக்கள்.

இந்தியாவுக்கு வேறு வழி இல்லையா?

இருக்கிறது, இந்தியா அதைப் பயன்படுத்தியும் இருக்கிறது. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் நிற்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் 2009-ல் போயிங் நிறுவனத்திடம் நேரடியாகப் பேசி வாங்கப்பட்டவை. விமானத்துக்கு எஃப்.எம்.எஸ். நிர்வாகக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த விமானத்தில் பொருத்தும் ஹார்பூன் ஏவுகணையும் எம்.கே-54 டார்பிடோவும் அரசு வழியாகத்தான் வந்தன. 2015-ல் வாங்கிய அப்பாச்சி ஹெலிகாப்டர்களும் அப்படியே. ஹெலிகாப்டருக்கு போயிங்கோடு ஒப்பந்தம், அதன் ஆயுதம், ரேடார் போன்றவற்றுக்கு அமெரிக்க அரசோடு ஒப்பந்தம். சில ஆயுதங்களையும் கருவிகளையும் அரசு வழியாக மட்டுமே விற்பது என்று அமெரிக்கா வைத்திருக்கிறது. அங்கே தேர்வு என்பதே கிடையாது.

அதே ராஜாளி தளத்தில் இருந்துதான் 2020 முதல் குத்தகைக்கு எடுத்த டிரோன்களைக் கடற்படை இயக்குகிறது. இப்போது சொந்தமாக வாங்கும் 31 டிரோன்கள் எஃப்.எம்.எஸ். வழி. 24 எம்.எச்-60ஆர் ஹெலிகாப்டர்களும் 145 எம்-777 பீரங்கிகளும் அதே வழியில் வந்தவைதான்.

காசு கூட ஆகும் என்று தெரிந்தே டெல்லி ஏன் இந்த வழிக்குப் போகிறது? போபர்ஸ் என்ற ஒற்றைச் சொல்லே பாதி பதில். இடைத்தரகர், கமிஷன், சிபிஐ விசாரணை என்ற பயத்தில் ஃபைலில் கையெழுத்துப் போட அதிகாரிகள் தயங்கும் நாட்டில், 'இன்னொரு அரசிடம் வாங்குகிறோம்' என்பது பெரிய பாதுகாப்பு. ஒரே நிறுவனம்தான் விற்கிறது, டெண்டர் எங்கே என்ற கேள்வியும் எழாது. அமெரிக்க ராணுவமே வாங்கும் அதே ஒப்பந்தத்தில் நம் ஆர்டரும் சேர்ந்தால் மொத்தக் கொள்முதல் விலை கிடைக்கும், பயிற்சியும் பராமரிப்பும் கூடவே வரும். இதற்கெல்லாம் 3.2 சதவீதம் அதிகமில்லை என்று வாதிடலாம். அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வழியில் நிறுவனத்தோடு விலை பேசுவது அமெரிக்க அரசு. வாங்கும் நாடு பொதுவாக அந்த மேஜையில் உட்காருவதில்லை. ஏற்புக் கடிதத்தில் இருப்பது மதிப்பீட்டு விலை மட்டுமே. கடைசியில் உண்மையான செலவு எவ்வளவு ஆகிறதோ அதை முழுசாகக் கட்டுகிறோம் என்று வாங்கும் நாடு ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறது. விலை ஏறினால் அதன் மேல் வரும் சதவீதக் கட்டணமும் ஏறும். தன் வேலையை வேகமாக முடித்து செலவைக் குறைத்தால் குறைவான கட்டணம், இழுத்தடித்தால் அதிக கட்டணம் என்ற கணக்கே நடுவில் இருக்கும் அலுவலகத்துக்குப் பொருந்தாது. விலை ஏறினாலும் அதற்கு நட்டமில்லை.

கட்டணம் எவ்வளவு என்பது ஏற்புக் கடிதத்திலேயே ஒரு வரியில் இருக்கும். அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவழித்தார்கள் என்ற விவரம் அதில் இருக்காது. ரேட்டைத் தீர்மானிப்பது பென்டகன். ஓராண்டில் எவ்வளவு செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு வைப்பது அமெரிக்க நாடாளுமன்றம். தணிக்கை செய்வது ஜி.ஏ.ஓ. மூன்றுமே அமெரிக்க அமைப்புகள், பதில் சொல்வது அமெரிக்க மக்களுக்கு. பணத்தைக் கட்டிய நாடுகளுக்கு இந்த ரேட்டைத் தீர்மானிப்பதில் ஓட்டு இல்லை. 2018-ல் ரேட் குறைந்தபோதுகூட, அமெரிக்க ஆயுதம் உலகச் சந்தையில் போட்டி போட வேண்டும் என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

31 டிரோன்களில் முதலாவது 2029 வாக்கில் இந்தியாவுக்கு வந்து சேரும் என எதிர்பார்க்கப்படுகிறது. அதுவரைக்கும், அதன் பிறகும், கணக்கு மூடப்படும் நாள் வரை மூன்று மாதத்துக்கு ஒரு பில் வந்துகொண்டிருக்கும்.